நடைப் பாத்தியம்

வேவு பார்க்க வந்தவளுக்கு, எடுத்த நாற்காலியை எடுத்த இடத்தில் வைக்கவா தெரியாது? அண்ணியின் மூளை எப்போதும் பாதி வழியிலேயே நின்றுவிடும்.

இதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்க அந்த அறையில் ஆள் இல்லை. கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமல் வாசலிலேயே நின்று பார்த்தாள். அவளிடம் இருப்பது ஒரே நாற்காலி, கைவைத்த மரநாற்காலி. காலையில் அலுவலகத்துக்குக் கிளம்பும்போது அது அறையின் நடுவில், மின்விசிறிக்கு நேர் கீழே, ஈரத் துண்டைச் சுமந்துகொண்டு இருந்தது. இப்போது சுவரோரமாக, சுவரைப் பார்த்தபடி நின்றது, வகுப்பில் தண்டனை வாங்கிய பிள்ளையைப் போல. துண்டு காய்ந்து, நாலாக மடிக்கப்பட்டு, கிழிந்த ஓரம் உள்ளே மறையும்படி அதன்மேல் வைக்கப்பட்டிருந்தது. வாசலுக்கு நேர் எதிரே இருக்கும் பின்பால்கனிக் கதவு அகலத் திறந்து கிடந்தது.

மாற்றுச் சாவி அண்ணன் வீட்டில் இருக்கிறது. அம்மா உயிரோடு இருந்தபோது அடம்பிடித்து வாங்கி வைத்துக்கொண்டது. அம்மா போய் மூன்று மாதமாயிற்று. சாவியைத் திருப்பித் தரும் யோசனை அவர்கள் யாருக்கும் வரவில்லை. சமையலறைக்குப் போய் டப்பாக்களைப் பார்த்தாள். அண்ணி ஒரு வீட்டுக்குள் கால் வைத்தால் முதலில் டப்பா மூடியைத்தான் திறப்பாள். என்ன வாங்குகிறார்கள், எவ்வளவு வாங்குகிறார்கள் என்று தெரியாவிட்டால் அவளுக்குத் தலை வெடித்துவிடும். மூடிகளின்மேல் ஒரு வாரத் தூசி கலையாமல் இருந்தது. அலமாரியும் பூட்டியபடியே இருந்தது. இத்தனை நல்லவளாக அண்ணி எப்போது ஆனாள் என்று யோசித்தபோதுதான் அந்த வாசனை மூக்கில் பட்டது. எண்ணெய் தீர்ந்து அணைந்த திரியின் கருகல் வாசனை. அவள் வீட்டில் விளக்குத் திரி என்ற பொருளே கிடையாது.

பால்கனிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். நாற்காலியை இழுத்து நடுவில் போட்டாள். தரையில் அது கீறிய சத்தம், தேவைக்கு மேல் பெரிதாகக் கேட்டது.

இந்த மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்தபோது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. கீழே குடியிருக்கும் வீட்டுக்காரர் ஒரு பல் வைத்தியர். தண்ணீர் வருமா, வெளிச்சம் வருமா என்றெல்லாம் அவள் கேட்கவில்லை. இந்த அறை வழியாக யாராவது எங்கேயாவது போக வேண்டியிருக்குமா என்று மட்டும் கேட்டாள். ஏறி வர பதினெட்டுப் படி, ஒரு கதவு, ஓர் அறை, ஒரு சமையலறை, பின்னால் படியில்லாத பால்கனி. இங்கிருந்து போவதென்றால் ஆகாயத்துக்குத்தான் போக வேண்டும் என்று பல் வைத்தியர் சிரித்தார். அவள் அன்றே சாவியை வாங்கிக்கொண்டாள்.

பிறந்த வீட்டில் அவள் படுக்கை இருந்தது நடையில். தெருவாசலிலிருந்து கொல்லை வரை நீளும் அந்த நடைதான் அந்த வீட்டின் முதுகெலும்பு. அறைகளெல்லாம் இரண்டு பக்கமும் விலா எலும்புகள். அண்ணனுக்கு ஓர் அறை. பிறகு அண்ணனின் மனைவிக்கும் சேர்த்து அதே அறை. அவர்கள் மகளுக்கு இன்னோர் அறை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒன்று. இவளுக்கு நடை. யார் எழுந்து யார் எங்கே போனாலும் இவளைத் தாண்டித்தான் போக வேண்டும். “வழியில படுத்திருக்கா பாரு” என்பார்கள், அவள் ஏதோ வேண்டுமென்றே அங்கே வந்து விழுந்தவள் போல.

அந்த நடைக்கு இன்னொரு கூத்தும் உண்டு. தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் அம்மா அதைக் காலி செய்வாள். பாயைச் சுருட்டுவாள். நாற்காலிகளைத் தரையில் உராயாமல் தூக்கிச் சுவரோரம் வைப்பாள், முகம் சுவரைப் பார்க்கும்படி. தெருக்கதவையும் கொல்லைக்கதவையும் அகலத் திறப்பாள். பிள்ளைகளைச் சமையலறைக்குள் விரட்டிவிட்டு, தானும் சுவரைப் பார்த்துத் திரும்பி, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கால் மணி நேரம் நிற்பாள். அப்பா இதையெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்பார். சொல்லிவிட்டு, சரியாக அந்த நேரத்துக்கு வெளியே கிளம்பிப் போய்விடுவார். அவர் வீரம் அவ்வளவுதான்.

காரணம் வீட்டின் தாய்ப்பத்திரத்தில் இருந்தது. தாத்தா அந்த வீட்டைத் தனியாக வாழ்ந்த ஒரு கிழவியிடமிருந்து வாங்கினார். கிழவி ஒரே ஒரு பாத்தியத்தை, ஒரே ஓர் உரிமையை மட்டும் விற்காமல் ஒதுக்கிக்கொண்டாள்: தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் தெருவாசலில் நுழைந்து கொல்லை வழியாக வெளியேறும் நடைப் பாத்தியம். அவளுக்கும், அவளுக்கு முன்னவர்களுக்கும் பின்னவர்களுக்கும். பிள்ளைகுட்டி இல்லாத கிழவி நடந்தால் வீடு தேய்ந்துவிடுமா என்று தாத்தா கையெழுத்துப் போட்டார். ஒரு மாதத்தில் கிழவி செத்துப்போனாள். தாத்தா ஊரையே ஏமாற்றிவிட்டதாக நினைத்து மீசையைத் தடவிக்கொண்டார். முன்னவர்கள் என்று எழுதியிருந்ததை அவர் கவனிக்கவில்லை. இந்தக் குடும்பத்து ஆண்களுக்குக் கெட்டிக்காரத்தனம் என்றால் இதுதான்.

இப்போது அண்ணன் வீட்டை விற்கப் போகிறான். அவளுக்குப் பாதிப் பங்கு உண்டு. போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ஒரு பத்திர எழுத்தரைக் கூட்டிக்கொண்டு வந்தான். எந்நேரமும் பேனா மூடியைப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்துக்கொண்டே பேசுபவர், அதனால் அவருக்குப் பெயரே பேனாமூடி. அவள் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். அந்த வீட்டின் ஒரு செங்கல்கூட அவளுக்கு வேண்டாம். பங்குக்கு ஈடாகவும் எதுவும் வேண்டாம். அதைக் கேட்டதும் அண்ணன் முகத்தில் வந்த நெகிழ்ச்சியைப் பார்க்காமல் அவள் பத்திரத்துக்குக் கை நீட்டினாள்.

பத்திரத்தை அவள் படித்தாள். இருபத்திரண்டு வருடமாகப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் ஒப்புநோக்குபவள் அவள். நகலை மூலத்தோடு எழுத்தெழுத்தாகச் சரிபார்ப்பது அவள் பிழைப்பு. அந்த வேலையில் முதல் பாடம், பொருள் தலைக்குள் ஏறக்கூடாது என்பது. பொருளைப் பார்த்தால் எழுத்து கண்ணை ஏமாற்றிவிடும். அவள் சர்வே எண்ணைப் பார்த்தாள், நாலு எல்லைகளைப் பார்த்தாள், இரண்டு எழுத்துப்பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்துப் பேனாமூடியின் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் திருத்திக்கொண்டு திரும்பி வந்ததும் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டாள். பதிவு வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு என்று சொல்லிவிட்டு இருவரும் கிளம்பினார்கள். படியிறங்கும்போது அண்ணன் சிரித்த சத்தம் மேலே வரை கேட்டது.

அதற்கு மறுநாள்தான் நாற்காலி நகர்ந்தது.

செவ்வாய்க்கிழமை அண்ணியைக் கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு செய்தாள். அனுமதி வாங்கிக்கொண்டு அலுவலகத்திலிருந்து முன்னாலேயே வந்தாள். வாசல் கதவை உள்ளே தாழிட்டாள். சாவி இருந்தாலும் இனி திறக்க முடியாது, வாசலில் நின்று முழிக்கட்டும். நாற்காலியை நடுவில் போட்டு அதன்மேல் ஒரு கண்ணாடி டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் வைத்தாள். சமையலறைக்குள் போய், கதவை ஒரு விரல் இடைவெளிக்கு ஒருக்களித்துவிட்டு, விளக்குப் போடாமல் தரையில் உட்கார்ந்தாள்.

வெளிச்சம் சுவரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உரிந்துகொண்டிருந்தது. கீழே பல் வைத்தியரின் இயந்திரம் ஒரு முறை கிறீச்சிட்டு நின்றது. தெருவில் ஒரு வண்டி போனது. குழாயிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர்கூட, யாரோ கை வைத்து அடைத்ததுபோல, ஒரு சொட்டோடு நின்றுவிட, அந்தப் பெரிய அமைதிக்குள், வெகு கீழே, முதல் படியில் ஒரு கால் வைக்கும் சத்தம் கேட்டது. செருப்பில்லாத கால். இரண்டாவது படி. மூன்றாவது படி. அவள் எண்ணினாள். பத்தைத் தாண்டும்போது கீழே மறுபடி முதல் படியில் ஒரு கால். பதினைந்து எண்ணும்போது மூன்றாவதாக ஒன்று, ஒரு காலை இழுத்து இழுத்து.

உள்தாழ்ப்பாள் அவசரமில்லாமல் நகர்ந்து விலகியது.

கதவு திறந்தது. வந்தவர்கள் உள்ளே நுழையவில்லை. வாசலில் நின்றார்கள், விருந்தாளிகள் போல. உள்ளே வேறு ஏதோ ஒன்று, அவர்களுக்கு முன்பே வந்தது, அறைக்குள் நடமாடியது. டம்ளர் தூக்கப்பட்டுத் தரையில் வைக்கப்படும் சத்தம். ஒரு சொட்டும் சிந்தவில்லை. நாற்காலி எடுக்கப்பட்டது. இழுபடவில்லை, தூக்கப்பட்டது. பால்கனிக் கதவு திறந்து, காற்று உள்ளே வந்து, கருகிய திரி வாசனை சமையலறை இடுக்கு வழியாக அவள் தொண்டைக்குள் இறங்கியது.

பிறகு அவர்கள் நடந்தார்கள்.

எத்தனை கால்கள் என்று எண்ணுவதை அவள் பாதியில் நிறுத்தினாள். மெத்தென்ற பாதங்கள், காய்ந்து வெடித்த பாதங்கள், நின்று நின்று போகும் பாதங்கள், எல்லாம் வாசலிலிருந்து பால்கனி வரை, அவள் அறையின் குறுக்கே, அவள் அறையின் நடுவே, சொந்த வீட்டில் போவதுபோலப் போயின. பால்கனியில் முடிந்தன. கீழே எதுவும் விழவில்லை. துணி காயப்போடும் கம்பிகள் மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு தடவை அதிர்ந்தன.

கடைசியில் சுவரோரமாக ஒரு பெருமூச்சு. வாயைப் பொத்திக்கொண்டு அடக்கி வைத்திருந்த மூச்சு. அதை அவள் முன்பே எங்கோ கேட்டிருந்தாள். எங்கே என்று நினைவு வருவதற்குள் எழுந்து விளக்கைப் போட்டாள். நாற்காலி சுவரைப் பார்த்து நின்றது.

மறுநாள் அலுவலகத்தில், ஞாயிற்றுக்கிழமை கையெழுத்துப் போட்ட பத்திரத்தின் நகலைப் பக்கத்து மேசைக்காரியிடம் நீட்டினாள். ஒப்புநோக்கும்போது மூலத்தை உரக்கப் படிப்பவள் அந்த மேசைக்காரிதான். புள்ளி, கமா, அடைப்புக்குறி எல்லாவற்றையும் செய்தி வாசிப்பதுபோலக் கணீரென்று சொல்வதால் அலுவலகம் முழுக்க அவளுக்கு வானொலி என்றே பெயர்.

“இதைப் படி. புள்ளி கமா வேணாம். கதை மாதிரி படி.”

வானொலி ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் படித்தாள். நாலாவது பக்கத்தில் குரல் இறங்கியது. மேற்படி வீட்டில் ஒதுக்கப்பட்டுள்ள நடைப் பாத்தியத்தை இனி அந்த வீட்டின்மேல் செலுத்தாமல், விடுதலை எழுதிக்கொடுப்பவரின் வசத்திலும் அனுபவத்திலும் உள்ள இடத்தின் வழியே என்றென்றைக்கும் செலுத்திக்கொள்ள வேண்டியது. பாத்தியம் கையெழுத்தான இன்றே ஒப்படைக்கப்பட்டு, இன்று முதலே அனுபவத்துக்கு வந்துவிட்டது. பதிவுக்குப் பின் இதை ரத்து செய்ய எழுதிக்கொடுத்தவருக்கோ அவர் வாரிசுகளுக்கோ உரிமையில்லை.

“அக்கா, எழுதிக்கொடுக்கறவங்கன்னா நீங்கதானே? அனுபவத்துல உள்ள இடம்னா உங்க மாடி வீடா?”

அவள் தலையாட்டினாள்.

“நீங்களாக்கா இதுல கையெழுத்துப் போட்டீங்க? படிச்சுட்டா?”

“பிழை பார்த்தேன்” என்றாள். தன்மேல் அவளுக்கு வந்த ஏளனம், அண்ணன்மேல் இருந்ததைவிடக் கூடுதலாக இருந்தது. பேனாமூடியின் வாக்கியம் பிழையே இல்லாத வாக்கியம். நாலு எல்லைக்குள் அவளை எடுத்து அழகாக உட்கார வைத்திருந்தார்.

அன்று சாயங்காலம் தன் வீட்டுக்குப் போகாமல் அண்ணன் வீட்டுக்குப் போனாள். விளக்கு வைக்கும் நேரம். தெருக்கதவு சாத்தியிருந்தது, அவள் நினைவுக்கு எட்டியவரை அந்த நேரத்தில் அது சாத்தியிருந்ததே இல்லை. உள்ளே நடையில் கால் வைக்க இடமில்லை. செருப்பு அலமாரி, அண்ணன் மகளின் சைக்கிள், அட்டைப்பெட்டிகள், ஆளுயரக் குளிர்சாதனப் பெட்டி, எல்லாம் நடையின் நடுவில் கடை பரப்பியிருந்தன. நாலே நாளில். வெகுநாள் கட்டுப்போட்டு வைத்த கை விடுபட்டதும் கண்டபடி வீசிப் பார்ப்பதுபோல இருந்தது அந்த வீடு.

“வா வா” என்றாள் அண்ணி. அண்ணியின் முகத்தில் நன்றாகத் தூங்கி எழுந்த பளபளப்பு. “என்ன இப்படி இளைச்சுட்டே?”

நாலாவது பக்கத்தைக் காட்டிக் கேட்டபோது அண்ணன் மழுப்பவில்லை, மழுப்புவதற்கும் கொஞ்சம் கூச்சம் வேண்டும். அம்மா போன பிறகு தாங்கள் பட்ட பாட்டைச் சொன்னான். முதல் மாதம் தினமும் நடையை ஒதுக்கினார்களாம். ஒருநாள் குளிர்சாதனப் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கியவர்கள் நடையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். மூன்று பேர் தள்ளியும் அது அசையவில்லை, அதற்குள் நேரமாகிவிட்டது.

“நின்னுட்டாங்க” என்றான். “கண்ணுக்கு ஒண்ணும் தெரியலை. ஆனா நடையில கை நீட்ட முடியலை. முன்னாடி இருக்கறவர் நின்னா பின்னாடி வர்றவங்க எல்லாம் நிக்கறாங்க. வந்துக்கிட்டே இருக்காங்க. விடியறவரைக்கும். மூச்சுவிட இடமில்லாம மூணு பேரும் சமையல் மேடைமேல உட்கார்ந்திருந்தோம்.”

“அதனால எனக்குத் தள்ளிவிட்டுட்டே.”

“வாங்கறவர் வில்லங்கம் இல்லாம கேட்கறாரு. பேனாமூடிதான் வழி சொன்னாரு. உனக்கு என்னம்மா, தனியாள். பிள்ளையா குட்டியா? ஒரு கால் மணி நேரம். ஒதுங்கி நிக்கறது உனக்குப் பழக்கம்தானே.”

அவன் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஒரு வசதியைச் சுட்டிக்காட்டுவதுபோலச் சொன்னான். அந்தக் குரலைக் கேட்டதும், நாற்பத்தைந்து வயது வரை இவனை அண்ணா என்று அழைத்த தன் வாயை நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“நாற்காலியைக்கூட நீ தூக்க வேணாம்” என்று அண்ணி ஆறுதல் சொன்னாள். “இங்கயும் போன வாரம் வரைக்கும் நாங்க எழுந்து போறதுக்குள்ளயே அது ஓரமா...”

அண்ணன் பார்த்த பார்வையில் அண்ணி வாயை மூடிக்கொண்டு காப்பி போடப் போனாள்.

அண்ணியைப் பின்தொடர்ந்து அவள் பார்வை நடைக்குள் போனது. பெட்டிகளுக்கும் சைக்கிளுக்கும் நடுவில் ஒன்றுமில்லை. யாரும் வரவில்லை. இங்கே வராதவர்கள் இந்த நேரத்தில் எங்கே நடந்துகொண்டிருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஆளில்லாத அவள் அறையில். அவள் பாயைத் தாண்டி.

மாற்றுச் சாவி எங்கே என்று கேட்டாள். அம்மாவின் மரப்பெட்டியில் போட்டுப் பூட்டியதாகவும், பெட்டியைத் திறந்தே மூன்று மாதமாகிறது என்றும் அண்ணன் சொன்னான். பொய் சொல்லும்போது அவன் காதைத் தடவுவான். தடவவில்லை.

வியாழக்கிழமை அவள் அலுவலகம் போகவில்லை. வீட்டைத் துடைத்தாள். துண்டைத் துவைத்துக் காயப்போட்டாள். மதியத்துக்கு மேல் நாற்காலியை எடுத்து வாசலுக்கும் பால்கனிக்கும் நேர் நடுவில், வாசலைப் பார்த்தபடி போட்டாள். காய்ந்த துண்டைக் கொண்டுவந்து, மடிக்காமல், அதன் கைமேல் போட்டாள். போட்ட பிறகுதான், கிழிந்த ஓரம் கையில் பட்டபோதுதான், அந்த மடிப்பு நினைவுக்கு வந்தது. கிழிசலை உள்ளே வைத்து நாலாக மடிப்பது. வந்து பார்ப்பவர்கள் கண்ணில் வீட்டின் கிழிசல் படக்கூடாது. உலகத்தில் ஒருத்தி மட்டும் துண்டை அப்படி மடிப்பாள்.



அம்மாவை அவள் யாரிடமும் சொல்லாமல் இகழ்ந்து வந்திருக்கிறாள். சமையலறை இடுக்கு வழியாக, சுவரைப் பார்த்து நிற்கும் அந்த முதுகைப் பார்த்து வளர்ந்தவள். இவளுக்கு ஒரு முறையாவது திரும்பிப் பார்க்கத் தோன்றாதா என்று பத்து வயதிலேயே கசந்தவள். தாய்ப்பத்திரத்தை இப்போது மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தாள், பொருளோடு. நடக்கும் பாத்தியம் கிழவிக்கு. வீடு தாத்தாவுக்கு, பிறகு அப்பாவுக்கு. அம்மாவின் பெயர் அதில் எந்த வரியிலும் இல்லை. ஒதுக்கிக்கொடுக்கும் வேலைக்கு ஆள் யார் என்று யாரும் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமே இல்லாமல் அது அவள் தலையில் வந்து உட்கார்ந்திருந்தது. செத்த பிறகும் இறங்கவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஆறு மணிக்குக் கைபேசி அடித்தது. அண்ணன். நாளைக்குப் பதினோரு மணி, அடையாள அட்டையை மறக்காதே, பேனாமூடி பத்தரைக்கே வந்துவிடுவார் என்றான். “லைன்ல இருக்கியா?” என்று இரண்டு முறை கேட்டான். அவள் கைபேசியை அணைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வெளிச்சம் உரியத் தொடங்கியது. கீழே இயந்திரம் நின்றது. வண்டி சத்தம் நின்றது. சொட்டும் குழாய் நின்றது.

முதல் படி.

அவள் விளக்கைப் போட்டிருந்தாள். அது எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அதன் வெளிச்சம் சுவர்களோடு நின்றுவிட்டது. அறையின் நடுப்பகுதிக்கு, அந்த நீளப் பாதைக்கு வரவில்லை.

பத்தாவது படி. பதினெட்டாவது.

தாழ்ப்பாள் விலகியது. கதவு திறந்தது. வாசலுக்கு வெளியே மாடிப்படியின் இருட்டு, இருட்டைவிடக் கொஞ்சம் கெட்டியாக இருந்தது.

துண்டு அசைந்தது. நாற்காலிக் கையிலிருந்து மெல்ல எழும்பி, நீவப்பட்டு, ஒரு முறை மடிந்து, மறுமுறை மடிந்தது. கிழிந்த ஓரம் உள்ளே போனது. தரையில் வைக்கப்பட்டது.

பிறகு அவள் இடது கைக்குப் பக்கத்தில், நாற்காலியின் கைப்பிடியில், குளிர்ச்சி. நாலு விரலும் கட்டைவிரலுமாக.

திரும்பிப் பார்த்தாள்.

அம்மா குனிந்திருந்தாள். முகம் தெரியவில்லை, அது சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. உடம்பு இந்தப் பக்கம், முகம் அந்தப் பக்கம். முந்தானை வாயை அடைத்திருந்தது. வகிட்டில் நரைமுடி, எரிக்கக் கொண்டுபோன அன்று வாரிவிட்டபடியே.

“நகர்ந்துக்கடி” என்றாள் அம்மா. துணிக்குள்ளிருந்து வந்த குரல். “வர்றாங்க.”

அவள் நகரவில்லை.

வாசலில் முதல் ஆள் வந்து நின்றது. குள்ளமான கிழவி, தாத்தாவை நம்பி எழுதிக்கொடுத்தவள். கண் இருக்க வேண்டிய இடத்தில் பொறுமை மட்டும் இருந்தது. அவளுக்குப் பின்னால் இன்னொன்று. அதன் தோளுக்குப் பின்னால் இன்னொன்று, இன்னும் பழையது, முகம் தேய்ந்து வழுவழுப்பானது. படிக்கு ஒன்றாக. பிறகு படிக்கு இரண்டாக. முன்னவர்கள். கீழே தெரு வரை. தெருவைத் தாண்டியும். ஒருவரும் பேசவில்லை. ஒருவரும் இடிக்கவில்லை. எல்லோரிடமும் பத்திரம் இருந்தது, அவர்களுக்கு அவசரமில்லை.

கருகிய திரி வாசனை. மூச்சுவிட இடம் குறைந்தது.

“கொஞ்சம்டி” என்றாள் அம்மா. “கால் மணி நேரம். எத்தனை நாளா செஞ்சிருக்கேன். சொன்னா கேளு.”

அம்மா இரண்டு கைகளாலும் நாற்காலியைப் பிடித்தாள். இழுக்கவில்லை. இழுத்தால் சத்தம் வரும், வருபவர்களுக்கு மரியாதையில்லை. தூக்கினாள். நாற்காலியின் இடதுபக்கக் கால்கள் இரண்டும் தரையைவிட்டு எழும்பின. ஒரு விரற்கடை. இரண்டு விரற்கடை. வாசலில் கிழவி ஒரு காலை எடுத்து உள்ளே வைக்கக் காத்திருந்தாள்.

அவள் கீழ்நோக்கித் தன் பாரம் முழுவதையும் கொடுத்தாள். நாற்காலி தரையில் இறங்கியது. அம்மாவின் குளிர்ந்த கையின்மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

“மாட்டேம்மா” என்றாள். “நீயும் விடு.”

அம்மா விடவில்லை. மறுபடி தூக்கினாள்.